மணிக்கும் ஓர் அறை உண்டா?

“நான் வரலம்மா. மணிய யாரு பாத்துக்குவா?”

அப்பா தவறி ஒன்றரை வருடமாகிறது. எங்கே கூப்பிட்டாலும் அம்மாவின் பதில் இதுதான். செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு அப்பா தூக்கி வந்தார். அந்த மணிக்கு இப்போது பதினோரு வயது. நாயைச் சாக்காக வைத்து அம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டார். வானொலியில் ஊரையே “வெளியே போய் வாருங்கள்” என்று கிளப்பிவிடும் என்னால், சொந்த அம்மாவை வாசல் தாண்ட வைக்க முடியவில்லை.

கடைசியில், “சரிம்மா, மணியும் வரட்டும்” என்றேன். அம்மா மறுக்கவில்லை.

செலாயாங்கிலிருந்து பிரேசர் மலை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம்தான். நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையையே பிடித்தோம். வழியில் டெம்ப்ளர் பூங்காவின் காடு. 2017-இல் திறந்த ரவாங் மாற்றுவழி, உயரமான தூண்களில் அந்தக் காட்டின் மேலேயே போகிறது. பிறகு செரண்டா, பத்தாங்காலி, ராசா. ஒவ்வோர் ஊரைத் தாண்டும்போதும் அம்மா ஒரு தோட்டத்தின் பெயரையும் ஓர் உறவுக்காரரின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோலகுபு பாருவில் பசியாறினோம். ‘பாரு’ என்றால் புதியது. பழைய ஊரில் 1883-இல் அணை உடைந்து பலர் மாண்டார்கள். பின்னர் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, வெள்ளம் ஓயாமல் புகுந்தது. அதனால் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள்.

மணிக்கு மட்டும் பசியாறல் கிடையாது. வளைவுச் சாலையில் நாய்க்கும் தலைசுற்றும், வாந்தி வரும். புறப்படும் முன் மூன்று, நான்கு மணி நேரம் உணவு வேண்டாம், தண்ணீர் போதும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். பின் இருக்கையில் மார்புப் பட்டையோடு கட்டி வைத்தோம். முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கி நடக்க விட்டோம். பசியாறும்போதும் ஒருவர் மாற்றி ஒருவர் அதனோடு வெளியே நின்றோம். வெயிலில் பூட்டிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டினால் காடு நெருங்கி வரும். இந்தப் பாதையில்தான் 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. சாலை வேலை செய்த என் தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை. “உங்க தாத்தா தார் ஊத்துன ரோடு இது” என்றார் அம்மா. மலாயாவின் எத்தனையோ சாலைகளைப் போல இதிலும் தமிழர் கை பட்டிருக்கிறது.

‘தி கேப்’ தாண்டிக் கடைசி 8 கிலோமீட்டர் குறுகலான ஏற்றம். ஒரு காலத்தில் ஏற ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று முறைவைத்து வண்டிகளை விடுவார்களாம். 1,200 மீட்டருக்கும் மேலே, கொடி படர்ந்த மணிக்கூண்டு பனிமூட்டத்தில் நின்றது. மணி மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது.

சிக்கல் விடுதி வாசலில் காத்திருந்தது. தொலைபேசியில் “செல்லப் பிராணி வரலாம்” என்றவர்கள், நேரில் பார்த்ததும், “நாங்கள் பூனை என்று நினைத்தோம்” என்றார்கள். அம்மாவின் முகம் வாடிவிட்டது. “நான்தான் சொன்னேனே” என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலைந்து இடம் விசாரித்த பிறகு ஒரு பழைய பங்களாவின் காவலர், மலாய்ப் பெரியவர், பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார். “நாய் எச்சில் என்மேல் படக்கூடாது, அது என் மார்க்கம். மற்றபடி அதுவும் கடவுள் படைத்த உயிர்தானே” என்றார். தள்ளி நின்றே ஒரு பழைய பாயை நீட்டினார். நாங்கள் மணியைக் குறுக்கே விடவில்லை. கிளம்பும்போது அறையை நாங்களே கழுவி விட்டோம். அவர் எல்லையை நாங்கள் மதித்தோம், எங்கள் மணியை அவர் மதித்தார்.

மாலையில் பங்களாவைச் சுற்றி நடந்தோம். பிரேசர் மலை பறவை பார்ப்பவர்களின் சொர்க்கம். அங்கே நாயைக் கயிறில்லாமல் விடுவது பாவம். காட்டுப் பாதைக்குள் கூட்டிப் போகவில்லை. அட்டையும் உண்ணியும் இருக்கும் என்று இரவு காதிடுக்கு, விரலிடுக்கு எல்லாம் பார்த்தோம்.

இரவு குளிரில் மணி அம்மாவின் காலடியில் சுருண்டது. “அப்பா இருந்தா இந்நேரம் போர்வையை இதுக்குக் குடுத்துட்டு நடுங்கிட்டுக் கிடப்பாரு” என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவைப் பற்றி அழாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து வீடு திரும்பினேன். அம்மா தொலைபேசியில் கேமரன் மலை விடுதி ஒன்றோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார். “நாய்ங்க, பூனை இல்ல. பதினெட்டுக் கிலோ. அறைக்குள்ள விடுவீங்களா, வெளியவா? கூடுதல் கட்டணம் எவ்வளவு? எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க.”

மணி கதவருகே கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.