பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

டிராக்டர் கிளம்பாவிட்டால் பழி முதலில் பாட்டரி மீதுதான் விழும். பந்த்நகரை அடுத்த சிற்றூரில் பெரியவர் ஒருவரின் பெர்குசன், 1956-க்கு முன் பிறந்தது, ஸ்டார்ட்டரை இயக்கினால் முனகியதே அன்றி அசையவில்லை. கோதுமை விதைக்க ஈரம் இன்னும் இரண்டு நாளைக்கே. புது பாட்டரிக்காக எருமையை விற்கத் துணிந்துவிட்டார். “சற்றுப் பொறுங்கள், பாபாஜி” என்றேன்.

பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. ஸ்டார்ட்டரை இயக்கும்போதும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. பின் குறை எங்கே? பாட்டரியின் எர்த் முனையிலும் (பழைய பெர்குசனில் அது நேர்முனை!) என்ஜின் உடலிலும் மீட்டரை வைத்து இயக்கச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டலாகாது, மூன்று காட்டிற்று. எர்த் பட்டையின் அடியில் துருவும் சாம்பல்நிறப் பெயிண்டும். கண்ணுக்கு அழகு, மின்சாரத்துக்குச் சுவர்! உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினோம், உறுமிக் கிளம்பிற்று.

அந்த எருமையின் பாலில்தான் அன்று எங்களுக்குத் தேநீர்.