மேசையோரத்துக் கொடி

இலக்கியம் பேசுமிடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் வாசகர்கள் பொறுத்தருள்க. எங்களுக்குள் சில மாதங்களாக நடந்துவரும் ஒரு வாக்குவாதமே இதை எழுதத் தூண்டியது.

2018 சனவரியில் வெளிவந்த 'செலெஸ்ட்' விளையாட்டில் மேட்லின் என்னும் இளம்பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஏன் ஏறுகிறாள் என்பது அவளுக்கே தெளிவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. அதனை உடைத்துக்கொண்டு அவளுடைய மறுபாதி வெளியேறித் துரத்தத் தொடங்குகிறது. துரத்தும் விதந்தான் விசேஷம்: சற்றுமுன் நாம் சென்ற தடத்திலேயே அச்சுப் பிசகாமல் அது வரும். தயங்கி நின்றால் தொட்டுவிடும். ஆறாம் அத்தியாயத்தில் இருவரும் சமாதானமாகிறார்கள். அதுவரை அந்தரத்தில் ஒருமுறை மட்டுமே பாய முடிந்தவள் அதன்பின் இருமுறை பாய்கிறாள். மனமாற்றத்தை வசனம் சொல்வதற்கு முன் நம் விரல்கள் உணர்ந்துவிடுகின்றன. (எங்கள் மரணக் கணக்கை விளையாட்டே எண்ணிக் காட்டியது. அதை இங்கே வெளியிடுவதாக இல்லை.)

2019 செப்டம்பரில் இறுதி அத்தியாயமொன்று சேர்க்கப்பட்டது. அதைக் கடப்பது எளிதன்று. எங்களுள் ஒருவரே கடந்தார், மற்றவர்கள் அருகிலிருந்து பார்த்தோம். முடிவில் மேட்லினின் அறை வருகிறது. மேசையில் கணினி, அதனருகே இரண்டு குட்டிக் கொடிகள். ஒன்று வானவில் கொடி. இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட மற்றது, 1999இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் கொடி. ஒரு மருந்துக் குப்பியும் உண்டு. யாரும் எதையும் விளக்குவதில்லை.

இத்தனை பெரிய செய்தியைச் சில புள்ளிகளுக்குள் ஒளித்துவைத்தது கோழைத்தனம் என்றார் எங்களுள் ஒருவர். தன் அறையில் இருப்பவள் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்றார் மற்றவர். ஆக்கியவரான மேடி தோர்சன் 2020 நவம்பரில் எழுதிய கட்டுரை இரு தரப்பையும் வாயடைக்கச் செய்தது. மேட்லின் திருநங்கையே என்று அதில் உறுதிப்படுத்திய தோர்சன், தாமும் அவ்வாறே என்றார். முதலில் விளையாட்டை உருவாக்கியபோது இரண்டுமே தமக்குத் தெரியாதென்றும், இறுதி அத்தியாயத்தின்போதுதான் ஐயம் அரும்பியதென்றும் எழுதியிருந்தார். அப்படியானால், ஆசிரியர் முழுதாக அறியுமுன்பே அந்த மலையும் கண்ணாடியும் அறிந்திருந்தன என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் நண்பர்களுள் ஒருவர் தாம் திருநங்கை என்பதை எங்களிடம் சொன்னது சில ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முன் அவருடைய வாடகை அறைக்கு ஞாயிறுதோறும் புத்தகம் வாங்கப் போவோம். அலமாரியின் கீழ்த்தட்டில் கண்மை டப்பாவும் கண்ணாடி வளையல்களும் இருக்கும். தங்கையுடையவை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஒருமுறை கேலியும் செய்தோம். அவருக்குத் தங்கை உண்டா என்று எவரும் கேட்டதில்லை.

மேட்லினின் அறைக் காட்சியை அண்மையில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். கொடியைக் கண்டு நெகிழ்வார் என எதிர்பார்த்தோம். அவரோ நெடுநேரம் அந்த அறையைப் பார்த்திருந்துவிட்டு, "இவள் அறைக்குள் யாரும் கதவைத் தட்டாமல் வரமாட்டார்கள் போலிருக்கிறது" என்றார்.

நாங்கள் அந்நாட்களில் தட்டியதில்லை.