பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கண்ணுக்குப் புலனாவதையே காரணமெனக் கொள்ளுதல் மக்கள் இயல்பு. விளக்கு மங்கின் திரியைத் தூண்டுவோம்; எண்ணெய் உண்டோ எனப் பார்ப்பது பின்னரே. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்னும் பழமொழி இவ்வியல்பு நோக்கியே எழுந்தது போலும். அதன் உண்மையை யான் நந்தனத்தில் ஒரு மோட்டார்ப் பட்டறையிற் கண்டேன். கண்டவாறே ஈண்டு உரைப்பல்.

எந்தையார் வாடகைக் கார் ஓட்டி எம் குடும்பத்தைப் புரப்பவர். வண்டி ஒருநாள் நிற்பின் அந்நாளின் வருவாயும் உடன் நிற்கும். சென்ற மார்கழியில் அவ்வண்டி காலைதோறும் கிளம்ப மறுத்தது. பேட்டரி கெட்டதென ஒரு கடைக்காரர் கூறவே, புதியதொன்று வாங்கிப் பொருத்தினார். இருபது நாள் கழியுமுன் முகவிளக்குகள் மங்கின. பேட்டரி வடிவான சிவப்பு விளக்கு ஓட்டுநர் முன்னே மினுக்கிற்று. ஓரிரவு அண்ணாசாலையில், நந்தனம் சிக்னல் அருகே, வண்டி நின்றே போயிற்று. மீண்டும் பேட்டரியே பழுதென்றார் அக்கடைக்காரர். இனிக் கொடுக்கப் பொருளின்றி, அருகிலொரு சந்தில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிச் சென்றார் எந்தையார். யானும் உடன் சென்றேன்.

அம்முதியவர் ஸ்பேனரை உடனே எடுத்திலர். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தார். பேட்டரி முனைகளிற் பூத்திருந்த வெண்பொடியைச் சுரண்டினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய பின் மல்டிமீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடாதபோது 12.5 வோல்ட். நலமுள்ள வண்டியாயின், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது 14 அளவிற்கு ஏறுதல் வேண்டும். இங்கோ 12.2 ஆக இறங்கிற்று. விளக்குகளை எரியவிட்டதும் 11.8. பேட்டரி கொடுத்துக்கொண்டேயிருந்தது, பெற்றது ஒன்றுமில்லை. இடையிற் கம்பி அறுந்திருக்கலாகாதோ என யான் வினவ, ஆல்ட்டர்னேட்டரின் முனையிலேயே மீட்டரை வைத்துக் காட்டினார். ஆங்கும் அதே அளவு. ஊற்றே வற்றியிருந்தது.

“தம்பி, பேட்டரி செலவாளி, டைனமோதான் சம்பாதிக்கிறவன். சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் செலவாளியை மாற்றி என்ன பயன்?” என்றார்.

டைனமோ என அவர் குறித்தது ஆல்ட்டர்னேட்டரையே. பட்டறைகளில் அப்பழம்பெயர் இன்றும் வழங்குகிறது. நிற்க, அதன் தொழில் யாதெனிற் கூறுவாம். கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசையின் சுருளில் மின்னோட்டம் எழும் என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டார். கொல்லர் மகனாய்ப் பிறந்து, நூற்கட்டுநரிடம் தொழில் பயின்று, ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடன் வாழ்ந்த அப்பெரியார் கண்ட உண்மையே ஒவ்வொரு காரிலும் இன்று சுழல்கிறது. எஞ்சின் பெல்ட்டின் வழியே ஒரு மின்காந்தத்தைச் சுழற்றுகிறது. சூழ்ந்துள்ள செப்புச் சுருள்களில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. டயோடுகள் அதனை ஒரு திசைப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்புகின்றன.

எஞ்சின் ஓடுகையிற் பேட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை. மின்னழுத்தம் பொங்கி டயோடுகளையும் நுண்கருவிகளையும் அழிக்கக்கூடும். எஞ்சினை நிறுத்திப் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலிற் கழற்றினார். பின் பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளை நீக்கி, ஆல்ட்டர்னேட்டரை வெளியெடுத்துத் திறந்தார். சுழலும் காந்தத்திற்கு மின்னூட்டும் இரு கார்பன் பிரஷ்களும் தேய்ந்து நகத்தளவாய் நின்றன. அவை உரசும் வளையங்களிலும் பள்ளம் விழுந்திருந்தது. ஆதலின் முழுவதையும் மாற்றத் துணிந்தார். புதுப்பேட்டையில் எந்தையார் வாங்கிவந்த, சீர்செய்யப்பெற்ற வேறொன்றைப் பழையதன் பக்கத்தில் வைத்து, பெல்ட் ஓடும் பள்ளங்களையும் போல்ட் துளைகளையும் ஒப்புநோக்கிய பின்னரே பொருத்தினார். எஞ்சின் ஓடிற்று, மீட்டர் 14.2 காட்டிற்று. பேட்டரியோ முன்பிருந்ததே!

ஆண்டவர் அருளிய பத்துக் கன்னியர் உவமையில், ஐவரின் விளக்குகள் அணைந்தமை விளக்கின் குற்றமோ? எண்ணெய் கொண்டு செல்லாமையன்றோ! மாணவன் தேர்வில் தவறின் அவன் அறிவைப் பழிப்பார் பலர்; அவன் காலையில் உண்டனனோ என வினவுவார் சிலர். இல்லத்திற் பொருள் குறையின் செலவைக் கடிவார் பலர். ஈட்டுவோர் தேய்ந்தனரோ என நோக்குவார் சிலர். பட்டறையிற் கேட்ட சொல்லை யான் அன்னையாரிடம் உரைத்தேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். மறுநாள் முதல் எந்தையார் இரவு ஓட்டத்தை விடுத்தார். அன்னையாரின் ஆணை அது. வருவாய் சற்றே குறைந்தது மெய். எம் இல்லத்தின் டைனமோ தேயலாகாது என்பது அவர் துணிபு.