கண்மாய் வண்டலும் கண்ணாடித் தொட்டியும்

மே 3, ராஜபாளையம்

மூன்றடித் தொட்டியின் கண்ணாடியோரம் சரளைக்குள் கறுப்புத் திட்டுகள் கூடிவிட்டன. கிளறினால் அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத அடியில் மீன் கழிவும் உதிர்ந்த இலையும் மக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. கிரிப்டோகோரைன் வெண்ட்டியை செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனி கறுத்துப்போய், இழுத்ததும் கையோடு வந்தது. அடிமண்ணை மாற்றியாக வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஜப்பான் மண் பாக்கெட் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். தகாஷி அமானோ 1982இல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம் பிரபலமாக்கிய மண் உருண்டைகள். நல்ல சரக்குதான். ஆனால் போட்ட புதிதில் வாரக்கணக்கில் அம்மோனியாவைக் கக்கும்; மீன் வாழும் தொட்டிக்கு அது ஒத்துவராது. டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்லும் வழியே எனக்குப் பிடித்தது: கீழே சாதாரண மண், மேலே சரளை. நம் பக்கத்தில் அந்த மண்ணுக்குக் கண்மாய் வண்டலை விட்டால் வேறென்ன இருக்கிறது?

மே 6, ஸ்ரீவில்லிபுத்தூர்

மாமா வயலுக்குப் போனேன். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிக் கண்மாயில் அள்ளிய வண்டல், டிராக்டரில் வந்து வரப்போரம் குவிந்து கிடந்தது.

“மீனுக்கா மாப்ள மண்ணு?”

“செடிக்கு மாமா. மீன் தொட்டிக்குள்ள வளர்ற செடிக்கு.”

“நெல்லு விளையுற மண்ணு, செடிக்கு ஆகாதா? வேணுங்கிறத அள்ளிக்கோ.”

குவியலிலிருந்து மட்டும் எடுத்தேன். வயலில் இறைத்த மண்ணில் யூரியாவும் பூச்சிமருந்தும் இருக்கும். மேற்கு மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் களியையும் மக்கிய இலையையும் கொண்டுவந்து கண்மாயில் படியவிடுகிறது. அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு எல்லாவற்றையும் களித்துகள் பிடித்துவைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கும். வெறும் சரளைக்கு அந்தக் குணம் கிடையாது.

கிழக்கே கரிசல் காட்டு மண்ணில் சுக்கான்கல் கலந்திருக்கும். அது தண்ணீரைக் கடினமாக்கிவிடும். அதனால் ஒரு பிடி வண்டலில் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைக்கவில்லை.

வண்டலுக்கு மேலே போட மணல் வேண்டுமென்றால் என்று அய்யனார் கோவில் ஓடையைக் கைகாட்டினார் ஒருவர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஓடை ஓடும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம். சட்டமே இல்லாவிட்டாலும், ஓடையின் மணல் ஓடை மீனுக்கு உரியது. வீட்டுத் தொட்டியை அழகாக்க அதில் கைவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மே 9

வண்டலை ஊறவைத்து, மிதக்கும் சருகையும் வேரையும் வடித்து, மாடியில் காயவைக்கிறேன். காய்ந்ததும் மறுபடி ஊறல், மறுபடி வெயில். எளிதில் அழுகக்கூடியதெல்லாம் வெளியிலேயே அழுகித் தீரட்டும். அட்டையும் தும்பியின் இளம்பூச்சியும் இருந்தால் இந்த வெயிலில் பிழைக்காது. அந்த இளம்பூச்சி உள்ளே போனால் மீன்குஞ்சுகளை விட்டுவைக்காது.

மே 17

விடியுமுன் தொடங்கினேன். இந்த மாதத்தில் மதியம் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இடம் மாற்றி அலைக்கழிந்த மீனுக்கு அந்த வித்தியாசமே உயிர்.

பழைய நீரில் பாதியை டப்பில் இறக்கி, ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவாமல் அதற்குள் வைத்து, ஏர் பம்ப்பை ஓடவிட்டேன். நீர்மட்டம் தாழ்ந்தபின் செர்ரி பார்ப் மீன்களைப் பிடித்து டப்புக்கு மாற்றுவது சுலபம். செடிகளை ஈர நாளிதழில் சுற்றினேன்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. மேலே இருந்த ஓரங்குலச் சரளையைக் கிண்ணத்தால் அள்ளி, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் தனியாகப் போட்டேன். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அவை மேல்சரளையிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. மொத்தத்தையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவிப் போடுகிறவர்கள் அவற்றைக் கொன்றுவிட்டு, மறுவாரம் மீன் செத்ததற்குக் கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

அடியில் நாறிய சரளை முழுதும் முருங்கை மரத்தடிக்குப் போனது. கண்ணாடியைத் துடைத்து, இட்லிமாவுப் பதத்தில் பிசைந்த வண்டலை ஓரங்குலம் பரப்பினேன். கனம் கூடினால் அதுவும் அடியில் மூச்சடைத்துப் போகும். முன்னோரத்தில் மட்டும் வண்டல் வேண்டாம் என்று சரளைக்கு இடம் விட்டேன். பிறகு வாளியில் இருந்த பழைய சரளை, திரும்பவும் மேலேயே. ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக நீர் ஊற்றினேன்: டப்பிலிருந்த பழைய நீரில் ஒரு பகுதி, மீதிக்கு, ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போக்கிய நகராட்சித் தண்ணீர். போர் தண்ணீர் சேர்க்கவில்லை. செர்ரி பார்ப்பும் இந்தக் கிரிப்டோகோரைனும் இலங்கையின் ஓடைகளில் பிறந்தவை. உப்புத் தண்ணீர் அவற்றுக்குப் பழக்கமில்லை.

வேர் வண்டலுக்குள்ளும் குருத்து சரளைக்கு மேலும் இருக்கும்படி செடிகளை இடுக்கியால் நட்டேன். நீர் தெளியச் சாயங்காலம் ஆனது. அதன்பிறகே மீன்களை விட்டேன்.

மே 18

அம்மோனியா 0.25 பி.பி.எம். பி.எச். 7.2. பி.எச். ஏற ஏற, தீங்கில்லாத அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும் பங்கும் கூடும். மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். தீனி போடவில்லை.

மே 20

அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட்டும் இல்லை.

மே 23

கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைகின்றன. “எல்லாம் போச்சு, பிடுங்கிப் போட்டுரலாம்” என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த இனத்துக்கு இடம் மாற்றினால் இலை கொட்டும் வழக்கம் உண்டு. கிழங்கை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி உறுதியாக இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் வெட்டி எடுத்தேன்.

ஜூன் 1

வண்டலிலிருந்து அவ்வப்போது குமிழ்கள் கிளம்புகின்றன. வாடை இல்லை. குச்சியால் அங்கங்கே மெல்லக் குத்திவிட்டேன். நெட்டைக் கூம்பு நத்தைகள் அந்த வேலையைத் தாங்களாகவே செய்கின்றன: பகலில் மண்ணுக்குள், இரவில் கண்ணாடி மேல்.

ஜூன் 14

கிரிப்டோகோரைன் ஒவ்வொன்றிலும் செம்பழுப்பில் புதுக்குருத்து. முன்கண்ணாடியோரம் வெள்ளை வேர்கள் சரளைக்குள் எட்டிவந்திருக்கின்றன. உர மாத்திரை எதுவும் வைக்கவில்லை, இப்போதைக்கு வைக்கப்போவதும் இல்லை. ஆண் பார்ப்கள் நன்றாகச் சிவந்துவிட்டன.

மாமா போன் செய்தார். மிச்ச வண்டலை உழவுக்கு முன்னால் இறைத்துவிடப் போகிறாராம். ஒரு மூட்டை எடுத்துவைக்கச் சொன்னேன். தெருக்கோடியில் ஒரு பையன் புதிதாகத் தொட்டி வாங்கியிருக்கிறான்.