ஹேன்வில்: வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லாத ஊர்

அட்லாண்டாவிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையில் தென்மேற்காக இறங்கினால் மான்ட்காமரி சுமார் 160 மைல். அலபாமா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே ஒரு பெரிய விஷயம். "அப்போ நாம இன்னும் கிளம்பவே இல்லையாப்பா?" என்று ஆறு வயசுக்காரன் கேட்டான்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் மான்ட்காமரியில் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தையும், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த செங்கல் சர்ச்சையும், 2018-இல் திறந்த நினைவிடத்தையும் பார்ப்பார்கள். நேரம் இருந்தால் செல்மா வரை போய்ப் பாலத்தில் ஒரு போட்டோ. எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு 1965-இல் நடந்த ஊர்வலத்தின் 54 மைல் வழியில், நடுவில் ஒரு முழு மாவட்டம் இருக்கிறது. பெயர் லௌண்ட்ஸ். அதன் தலைநகரம் ஹேன்வில். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சின்ன கிராமம்.

இந்த ஊரைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பணி ஓய்வு பெற்றவர், எபிஸ்கோபல் சர்ச்சுக்குப் போகிறவர். அலபாமாவில் வளர்ந்தவர். 1965-இல் அவர் பள்ளிக்கூடப் பையன். ஹேன்வில்லில் நடந்தது அவருடைய வீட்டிலிருந்து கார் ஓட்டினால் இரண்டு மணி நேரத் தூரத்தில். அந்த ஞாயிறும் சர்ச்சுக்குப் போனோம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். ஜொனாதன் டேனியல்ஸ் என்ற பெயரையே நாற்பது வயசுக்கு மேல்தான் கேள்விப்பட்டாராம். இப்போது ஆகஸ்ட் மாதம் தவறாமல் ஹேன்வில் போய் வருகிறார்.

டேனியல்ஸ் தெற்கத்திக்காரர் இல்லை. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரில் 1939-இல் பிறந்தவர், டாக்டர் மகன். வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டில் படித்து, வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை நிகழ்த்தியவர். ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் தொடங்கி, அதை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த எபிஸ்கோபல் இறையியல் கல்லூரியில் குருப்பட்டத்துக்காகச் சேர்ந்தார். 1965 மார்ச் 7-ஆம் தேதி செல்மா பாலத்தில் ஊர்வலக்காரர்களைப் போலீஸ் அடித்த காட்சியை நாடே டிவியில் பார்த்தது. உடனே, எல்லா மதகுருமார்களும் வாருங்கள் என்று கிங் அழைத்தார். கல்லூரியின் மாலை ஆராதனையில் மரியாளின் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போகத் தீர்மானித்தேன் என்று டேனியல்ஸ் எழுதியிருக்கிறார். வலியவரைத் தள்ளி, எளியவரை உயர்த்துவதைப் பற்றிய பாட்டு அது.

போனது வார இறுதிக்குத்தான். திங்கள்கிழமை வகுப்பு இருக்கிறதே! ஆனால் அவரும் ஜூடித் அப்ஹாம் என்ற சக மாணவியும் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். பஸ் போனபிறகு யோசித்திருக்கிறார்கள்: ரெண்டு நாள் வந்து கைகோத்து நின்றுவிட்டுப் போனால், இங்கே இருக்கும் மக்கள் என்ன நினைப்பார்கள்? கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி அனுமதி வாங்கிக்கொண்டு, மறுபடி செல்மாவுக்கே வந்தார்கள்.

செல்மாவுக்குப் போகிறவர்கள் பாலத்தோடு நிற்காமல் பிரவுன் சேப்பல் சர்ச் வரைக்கும் நடந்து போங்கள். சர்ச்சைச் சுற்றி வரிசையாகச் செங்கல் குடியிருப்புகள். அரசாங்கம் கட்டிய கார்வர் ஹோம்ஸ். அங்கே வெஸ்ட் என்ற கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் டேனியல்ஸ் தங்கினார். வீடு நிறையப் பிள்ளைகள், அதற்குள் இவருக்கும் ஒரு மூலை. இந்த வீட்டில் இருந்தபடிதான் அவர் செல்மாவைக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். யாருக்கு எந்த அரசு உதவி கிடைக்கும், எந்த ஆபீஸில் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்தார். விண்ணப்பம் நிரப்பித் தந்தார், வாக்காளர் பதிவுக்கு ஆட்களைக் கூட்டிப்போனார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது. பெரிய பேச்சு எதுவும் இல்லை. அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களே சொன்னதைக் காகிதத்தில் எழுதினார்.

ஒரு வேலை மட்டும் அவருடைய சொந்த வீட்டு வேலை. செல்மாவில் செயின்ட் பால்ஸ் என்ற எபிஸ்கோபல் சர்ச் இருக்கிறது, அவருடைய சபையைச் சேர்ந்ததுதான். கறுப்பின நண்பர்களோடு அங்கே ஆராதனைக்குப் போனார். முதலில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு உள்ளே விட்டார்கள், ஆனால் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும், திருவிருந்தும் எல்லோருக்கும் கடைசியில்தான். டேனியல்ஸும் அப்ஹாமும் அலபாமாவின் பிஷப் கார்பென்டருக்கு எதிர்ப்பு தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். இதே கார்பென்டர், இரண்டு வருடம் முன்னால் பர்மிங்ஹாமில் ஆர்ப்பாட்டம் வேண்டாம், பொறுமையாக இருங்கள் என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதத் தலைவர்களில் ஒருவர். கிங் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதம் அந்த எட்டுப் பேருக்கான பதில்தான்.

கடைசி வரிசை என்றதும் நமக்கொன்றும் புரியாத விஷயம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் சர்ச்சுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அமெரிக்க நிறவெறியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சு நேர்மையாக இருக்கும் என்பது என் கட்சி. "இவங்க இப்படி" என்று நிறுத்திவிட்டால் பிள்ளைகள் நம்மை எங்கே வைத்துப் பார்ப்பார்கள்?

மே மாதம் பரீட்சை எழுதப் போய்விட்டு, ஜூலையில் டேனியல்ஸ் திரும்பி வந்தார். இந்த முறை லௌண்ட்ஸ் பக்கம். 1965 தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. ஒரு சைபர் தப்பிப் போனதோ என்று நான் இரண்டு தடவை பார்த்தேன், இல்லை, பூஜ்யம்தான். அங்கே வேலை செய்த இளைஞர்களில் சிலருக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிவருவதில் விருப்பமில்லை. கூட வந்தால் ஊரில் கோபம் அதிகமாகும், அடி வாங்குவது நாங்கள்தான் என்றார்கள். நியாயமான பேச்சு.

ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஃபோர்ட் டெபாசிட் என்ற ஊரில், வெள்ளையருக்கு மட்டும் என்று நடந்த கடைகளின் முன்னால் மறியல். அநேகம் பேர் இளைஞர்கள். எல்லோரையும் பிடித்து, குப்பை லாரியில் ஏற்றி, ஹேன்வில் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் மாதத்து அலபாமா வெயில், கூட்டம் நிறைந்த அறைகள். டேனியல்ஸுக்கு ஜாமீன் ஏற்பாடு செய்ய வெளியே ஆள் இருந்தது. எல்லோரையும் விட்டால் போகிறேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார்.

"காசு வந்தப்புறமும் ஏன் அவரு வெளிய போகல?" என்று பழைய சிறைக்கட்டடத்தின் முன்னால் நின்று என் மகள் கேட்டாள். அவளுக்குப் பத்து வயது.

"மத்தவங்களுக்கு வரலயே" என்றாள் என் மனைவி. அதற்கு மேல் நானும் ஒன்றும் விளக்கவில்லை.

ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 20-ஆம் தேதி, திடீரென்று விடுதலை. கூட்டிப்போக வண்டி இல்லை. தாகம். கறுப்பினத்தவருக்கும் பொருள் விற்கும் ஒரே சில கடைகளில் ஒன்று பக்கத்தில் இருந்தது, வார்னர்ஸ் கேஷ் ஸ்டோர். நான்கு பேர் குளிர்பானம் வாங்க நடந்தார்கள்: டேனியல்ஸ், கத்தோலிக்கப் பாதிரியார் ரிச்சர்ட் மாரிஸ்ரோ, ஜாய்ஸ் பெய்லி, ரூபி சேல்ஸ். ரூபிக்கு 17 வயது. கடை வாசலில் டாம் கோல்மன் என்பவர் துப்பாக்கியோடு நின்றார். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர், ஷெரீபுக்குச் சம்பளமில்லாத உதவியாளர். துப்பாக்கியை ரூபியை நோக்கி நீட்டினார். டேனியல்ஸ் ரூபியைத் தள்ளிவிட்டார், குண்டு அவர் மேல் பாய்ந்தது. அங்கேயே உயிர் போனது. வயது 26. பெய்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய மாரிஸ்ரோவின் முதுகில் அடுத்த குண்டு. பல மணி நேர அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் பிழைத்தார்.

அந்தக் கடை இன்று இல்லை. இடத்தை ஒரு பலகை சொல்கிறது. சிறையிலிருந்து நடந்தால் பையன் "வந்துட்டோமா?" என்று கேட்பதற்குள் வந்துவிடும்.

ஊரின் நடுவில் சதுக்கம், அதில் டேனியல்ஸ் படித்த ராணுவக் கல்லூரியின் சார்பில் வைத்த ஒரு கல். எதிரே 1856-இல் கட்டிய வெள்ளை நீதிமன்றம், இரண்டு மாடி, இன்றும் நடக்கிறது. கோல்மன் வழக்கு இங்கேதான். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே வந்து கொலைக்குற்றமாகச் சுமத்த முயன்றார். மாரிஸ்ரோ குணமாகி வந்து சாட்சி சொல்லும்வரை பொறுங்கள் என்று கேட்டார். நீதிபதி பொறுக்கவில்லை, அட்டர்னி ஜெனரலையே வழக்கிலிருந்து விலக்கினார். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி இரண்டு மணி நேரத்துக்குள் விடுதலை என்றது. தற்காப்பாம். கோல்மன் 1997 வரை உயிரோடு இருந்தார்.

ஆனால் அந்த ஜூரிப் பட்டியலின் மேல் இன்னொரு வழக்கு போனது. 1966 பிப்ரவரியில், லௌண்ட்ஸ் மாவட்டத்தில் கறுப்பினத்தவரையும் பெண்களையும் ஜூரியிலிருந்து ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிச் சத்தத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், இந்தத் தீர்ப்பை யாரும் பேசுவதில்லை.

"அந்த அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" இது மகளின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் டேனியல்ஸ் விழுந்ததோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் அது வெள்ளைக்கார வீரன் ஒரு கறுப்பினப் பெண்ணைக் காப்பாற்றிய சினிமாக் கதையாகிவிடும். ரூபி சேல்ஸ் டஸ்கீகியில் கல்லூரி மாணவி (ஐ-85-இல் வரும்போது அந்த ஊர்ப் பலகையைத் தாண்டித்தான் வந்தோம்). யாரும் கூப்பிட்டு வராமல் தானாகவே இந்த வேலைக்கு வந்தவர். கொலைக்குப் பிறகு பல மாதங்கள் அவரால் பேசவே முடியவில்லை. ஆனாலும் மிரட்டல்களுக்கு நடுவில் இந்த நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். பிற்காலத்தில் டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரியில் படித்து, இன உறவுகளைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசிவருகிறார். மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அவங்கதான் ஃபர்ஸ்ட் வந்தாங்க, அவரு அப்புறம் வந்தாரு" என்றாள். வரிசை அதுதான்.

எங்கள் தெருப் பெரியவரும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். ஹேன்வில்லில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு புனித நடை உண்டு. சிறை, கடை இருந்த இடம், கடைசியில் நீதிமன்றம். கோல்மனை விடுதலை செய்த அதே கூடத்தில் ஆராதனை, நீதிபதியின் மேசைதான் பலிபீடம். முதல் வருடம் போனபோது இவர் எழுந்து தன் மனவேதனையைப் பற்றி நீளமாகப் பேசினாராம். முடிந்ததும் ஒரு கறுப்பினப் பாட்டி, நல்லா பேசினீங்க, அடுத்த வருஷம் எங்களைப் பேச விடுங்க என்றாராம். அதற்குப் பிறகு அவர் அங்கே பேசுவதில்லை. தண்ணீர் பாட்டில் தூக்குகிறார், முதியவர்களை வண்டியில் கூட்டிவருகிறார். லௌண்ட்ஸில் வீட்டுக் கழிவுநீர்ப் பிரச்சினை பற்றிப் பாட்டி சொன்னதைக் கேட்டு, அவருடைய சர்ச்சில் அதைப் பேசவைத்திருக்கிறார். அந்தப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. இந்தக் களிமண் நிலத்தில் தண்ணீர் இறங்காது, சாக்கடை வசதியில்லாத ஏழை வீடுகளில் கழிவு முற்றத்திலேயே தேங்கும். 2023-இல் மத்திய நீதித்துறை அலபாமா அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025-இல் அதே துறை அதைக் கைவிட்டது.

நமக்கும் இந்த வருடத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6. டேனியல்ஸ் இறந்தது ஆகஸ்ட் 20. நாட்டு ஒதுக்கீட்டை நீக்கி ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் அக்டோபர் 3. உங்கள் அப்பா அம்மா 70-களிலோ 80-களிலோ இங்கே இறங்கியிருந்தால் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். சிவில் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழ்நிலையில் பிறந்த சட்டம் அது. காரில் வீடு திரும்பும்போது இந்த மூன்று தேதிகளையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் தானாக வரும்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மான்ட்காமரியிலிருந்து ஹேன்வில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊரில் சாப்பாட்டுக்கு இடம் தேடவேண்டாம், புளிச்சாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். ஹைவே 80-இல் வைட் ஹால் பக்கம் தேசியப் பூங்காத் துறையின் லௌண்ட்ஸ் மையம் இருக்கிறது, சுத்தமான பாத்ரூமும் உண்டு, உள்ளே கண்காட்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதே சாலையோரத்தில் வயோலா லியூசோவின் நினைவுக்கல். அவரும் வெள்ளைக்காரப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய், அதே வருடம் மார்ச் 25-ஆம் தேதி, ஊர்வலக்காரர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சாலை வேகமானது, பிள்ளைகளை இறக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோடையில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். சதுக்கத்தில் நிழல் குறைவு.