பழைய கோச் எங்க உக்காரணும்?

2022 மார்ச் 24 ஞாபகம் இருக்கா மக்களே? ஐ.பி.எல். ஆரம்பிக்க ரெண்டே நாள் இருக்கும்போது, தோனி கேப்டன் பதவியை ஜடேஜாகிட்ட குடுத்துட்டார்னு சென்னை சூப்பர் கிங்ஸ் அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின அக்டோபர்லதான் நாலாவது கோப்பை ஜெயிச்சிருந்தோம். ஜடேஜாவும் ஒண்ணும் வெளியாள் இல்ல. 2012-லேர்ந்து நம்ம மஞ்சள் சட்டைதான், நடுவுல டீமே தடையில இருந்த ரெண்டு வருஷம் தவிர. வீட்டுப் பிள்ளைகிட்ட சாவி குடுத்தாச்சு, இனி கவலை இல்லன்னு நிம்மதியா இருந்தோம்.

எட்டு மேட்ச். ரெண்டு ஜெயிப்பு, ஆறு தோல்வி. ஏப்ரல் 30-ஆம் தேதி சாவி திரும்ப தோனிகிட்டயே வந்துடுச்சு.

"ஜடேஜாவுக்கு கேப்டன்சி வராதுப்பா"ன்னு டீக்கடை வரைக்கும் தீர்ப்பு எழுதியாச்சு. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இன்னிக்கு வரைக்கும் இருக்கு. அந்த எட்டு மேட்ச்லயும் நாம யாரைப் பாத்துட்டிருந்தோம்? ஒரு பவுண்டரி போனா நம்ம கண்ணு எங்க போச்சு? ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கிற ஆள்கிட்டதானே? முதல் ரெண்டு மேட்ச் வரைக்கும் கூட இருந்து பாத்துக்கிட்டேன், அப்புறம் முடிவெல்லாம் ஜடேஜாகிட்டயே விட்டுட்டேன்னு தோனி பிற்பாடு சொன்னார். நான் நம்புறேன். ஆனா நாலு கோப்பை ஜெயிச்ச மனுஷன் கிளவுஸ் போட்டுக்கிட்டு பின்னாடி சும்மா நின்னாலும், அவர் சும்மா இருக்கிறதே ஒரு அபிப்ராயம் மாதிரி ஆயிடுது இல்லீங்களா?

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னு கேக்குறீங்களா? காரணம் இருக்கு.

நான் படிச்சது காஞ்சிபுரத்துல ஒரு காலேஜ்ல. பேர் வேணாம். எங்க காலேஜ் புட்பால் டீமுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஒரே கோச். தறிக்காரங்க பசங்களும் பஸ் ஏறி வர்ற கிராமத்துப் பசங்களும்தான் டீம். ஷூ வாங்கக் காசில்லாத பசங்களை வெச்சுக்கிட்டு, சோனல் மேட்ச்ல பெரிய பெரிய காலேஜையெல்லாம் தண்ணி குடிக்க வெச்சவர் எங்க சார். ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆனார். அவர்கிட்ட விங்கரா ஆடி, அப்புறம் அவருக்கே அசிஸ்டென்டா எட்டு வருஷம் இருந்த பையனை கோச் ஆக்கினாங்க. எனக்கு மூணு வருஷம் ஜூனியர், இன்னும் என்னை "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான்.

இந்த வருஷம் முதல் ரவுண்டுலயே வெளிய. பழைய மாணவர்கள் வாட்ஸப் குரூப்ல நெருப்பு பத்திக்கிச்சு. சாரை "ஆலோசகர்"னு போட்டு பெஞ்சுல உக்கார வைக்கணும்னு காலேஜுக்கு ஒரு லெட்டர் ரெடி. நாப்பத்தோரு பேர் பேர் குடுத்தாச்சு. நான் இன்னும் குடுக்கல. "என்னடா, சார் மேல உனக்கு மரியாதை இல்லியா?"ன்னு தினமும் ரெண்டு பேராவது கேக்குறாங்க.

அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

நல்லா ஜெயிச்ச ஒரு கோச் போனா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். உள்ளாளா, வெளியாளா? நான் கொஞ்ச நாளா இதைப் பத்தியே படிச்சுட்டிருக்கேன். எனக்கு என்னமோ கேள்வியே வேறன்னு தோணுது. பழைய ஆள் இனிமே எங்க உக்காரப் போறார்? அதுதான் கேள்வி.

காலேஜ் கோச்சுங்கிறது ராஜா மாதிரி பதவியா இருக்கிற நாடு அமெரிக்கா. அவங்க புட்பால் நம்ம புட்பால் இல்ல, நீள் உருண்டைப் பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடி மோதுற ஆட்டம். அங்க நெப்ராஸ்கான்னு ஒரு மாநிலம், சோளமும் மாடும்தான். லிங்கன்ங்கிற ஊர்ல அந்தப் பல்கலைக்கழகத்து ஸ்டேடியம். மேட்ச் அன்னிக்கு நம்ம ஊர் கருட சேவை கூட்டம் மாதிரி ஊரே அங்கதான், சிவப்புச் சட்டையில.

1962-ல பாப் டெவனின்னு ஒருத்தர் அங்க கோச்சா வந்தார். அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் தோத்துட்டே இருந்த டீம். 1970, 1971 ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன் ஆக்கிக் காட்டினார். 1972-ஓட நிறுத்திக்கிட்டார். அடுத்த கோச் யாருன்னா, அவர்கிட்டயே அசிஸ்டென்டா இருந்த டாம் ஆஸ்போர்ன். 1973-ல பொறுப்பு எடுக்கும்போது வயசு 36.

டெவனி வீட்டுக்குப் போகல. அங்கேயேதான் இருந்தார், பல்கலைக்கழகத்தோட விளையாட்டுத் துறைக்கே தலைவரா. அதாவது ஆஸ்போர்னுக்கு மேலதிகாரி. இதைப் படிச்சப்ப, சரி, இது விளங்காதுன்னுதான் எனக்குத் தோணுச்சு.

ஆஸ்போர்ன் மத்த மேட்செல்லாம் ஜெயிச்சார். ஆனா ஊருக்கு எந்த மேட்ச் முக்கியமோ அதுல, பரம எதிரி ஓக்லஹோமாகிட்ட, முதல் அஞ்சு வருஷமும் தோல்வி. 1973-லேர்ந்து 1977 வரைக்கும் வரிசையா. ஊர் என்ன பேசியிருக்கும்னு நான் சொல்லணுமா? டெவனி நினைச்சிருந்தா ரெண்டு காரியம் செஞ்சிருக்கலாம். ஆளை மாத்தியிருக்கலாம். இல்ல, "தள்ளுப்பா, நானே வர்றேன்"னு திரும்ப இறங்கியிருக்கலாம். ரெண்டும் செய்யல. 1978-ல ஆஸ்போர்ன் ஓக்லஹோமாவை ஜெயிச்சார். அவர் முதல் தேசியப் பட்டம் ஜெயிச்சது எப்ப தெரியுமா? 1994-ல. அவரோட 22-ஆவது சீசன்! அப்புறம் 1995, 1997-லயும். மொத்தம் 25 வருஷம், 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா.

டெவனி மைதானத்துலேர்ந்து எழுந்து, குடை பிடிக்கிற இடத்துல போய் உக்காந்தார். அவ்வளவுதான் விஷயம்.

கதை இதோட முடியல. 1997 முடிஞ்சதும் ஆஸ்போர்ன் விலகினார். அடுத்ததும் உள்ளாள்தான், பிராங்க் சோலிச். டெவனிகிட்ட ஆடினவர், ஆஸ்போர்ன்கிட்ட பத்தொம்பது வருஷம் அசிஸ்டென்ட். ஆறு சீசன்ல 58 வெற்றி, 19 தோல்வி. 2001 சீசன்ல தேசியப் பட்டத்துக்கான கடைசி மேட்ச் வரைக்கும் கொண்டுபோனார். 2002 கொஞ்சம் சொதப்பல், ஏழுக்கு ஏழு. 2003-ல ஒம்பது ஜெயிச்சு மூணு தோத்தப்ப வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அப்ப விளையாட்டுத் துறைக்குப் புதுத் தலைவர். குடை பிடிக்க டெவனி இல்ல, 1997-லயே காலமாயிட்டார். வெளியிலேர்ந்து பெரிய பேரா கூட்டிட்டு வந்த அடுத்த கோச்சோட முதல் வருஷத்துல, 1961-க்கு அப்புறம் முதல் தடவையா ஜெயிச்சதை விட தோத்தது அதிகம். சோலிச் என்ன ஆனார்? ஒஹையோங்கிற இன்னொரு பல்கலைக்கழகத்துல பதினாறு சீசன் கோச்சா இருந்து 115 மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தார். ஆள்ல குறை இல்லன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நம்ம புட்பால்லயும் ஒரு உதாரணம் உண்டு. லிவர்பூல். 1974-ல பில் ஷாங்க்லி திடீர்னு விலகினார். அவர் கூடவே இருந்த பாப் பெய்ஸ்லி மேனேஜர் ஆனார். ஷாங்க்லிக்கு மனசு கேக்கல, பிராக்டிஸ் நடக்கிற மைதானத்துக்கு வந்துட்டே இருந்தார். பிளேயர்ஸ் பழக்கத்துல அவரைத்தான் "பாஸ்"னு கூப்பிட்டாங்க. புது மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறார்! கடைசில ஷாங்க்லி அங்க வர்றதை நிறுத்த வேண்டியதாச்சு. பெய்ஸ்லி ஒம்பது சீசன்ல ஆறு லீக் பட்டம், மூணு ஐரோப்பியக் கோப்பை. கணக்குப்படி சரி. ஆனா ஷாங்க்லிக்கு கிளப் மேல இருந்த மனக்குறை கடைசி வரைக்கும் தீரல. 1981-ல போய்ச் சேர்ந்துட்டார். கோப்பைக் கணக்குல இந்த வரி வராது. எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது இந்த வரிதான்.

ஏன்னா எங்க சாரும் தினம் சாயங்காலம் கிரவுண்டுக்கு வர்றார். அஞ்சு மணிக்கு வந்து படிக்கட்டுல உக்காருவார். வாயைத் திறக்க மாட்டார், அது சத்தியம். ஆனா ஹாப் டைம்ல பசங்க தண்ணி குடிக்கிற சாக்குல படிக்கட்டுப் பக்கம்தான் போறாங்க. புது கோச் மைதானத்து நடுவுல விசிலோட தனியா நிக்கிறான். போன மாசம் நானே பாத்தேன். ஒரு பையனை லெப்ட் பேக்லேர்ந்து நடுவுக்கு மாத்தினான். மாத்திட்டு அவன் பாத்தது பையனை இல்ல, படிக்கட்டை.

இப்ப அவரை பெஞ்சுலயே கொண்டுவந்து உக்கார வெச்சா?

எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். எங்க வீடு பிள்ளையார்பாளையம், தறி வீடு. கோர்வைச் சேலை நெய்ய ரெண்டு ஆள் வேணும். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டும் பிரியாம கோத்து வரணும். நெய்யிறவர் ஒருத்தர், பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா போடுறவர் இன்னொருத்தர். எங்க அண்ணன் ஒம்பது வருஷம் அப்பாவுக்குக் கரை நாடா போட்டவன். அப்பாவுக்கு முட்டி வலி வந்ததும் தறி அண்ணன்கிட்ட வந்துச்சு. அன்னியிலேர்ந்து அப்பா தறிப் பக்கம் போய் உக்காரல. திண்ணையில உக்காந்து தார் சுத்த ஆரம்பிச்சார். ஊடை நூலைத் தார்ல சுத்திக் குடுக்கிறது வீட்ல பொம்பளைங்களும் வயசானவங்களும் செய்யிற வேலை. நாப்பது வருஷம் நெய்த மனுஷன் அதை எடுத்துக்கிட்டார்.

அண்ணனோட முதல் சேலையில கோர்வை ஒரு இடத்துல இழுத்துக்கிச்சு. கூலியில பிடிச்சுட்டாங்க. சேலை தறியில இருக்கும்போதே அப்பா பாத்திருப்பார், அந்தக் கண்ணுக்குத் தப்பாது. ஒண்ணும் சொல்லல. சேலை கேட்டு ஆள் வந்து பழக்கத்துல அப்பாகிட்ட பேசினா, தலையைத் தூக்காம "அவன்கிட்ட கேளுங்க"ன்னுவார். அந்த ரெண்டு வார்த்தையிலதான் அண்ணன் தறிக்காரன் ஆனான்னு நான் நினைக்கிறேன்.

அதே சமயம் அப்பா வேலையில்லாம இல்ல. அவர் சுத்தின தார் இல்லாம அண்ணன் ஒரு முழம் நெய்ய முடியாது. இதுதான் ஷாங்க்லிக்குக் கிடைக்காதது.

போன ஞாயித்துக்கிழமை சார் வீட்டுக்குப் போனேன். சுத்தி வளைக்காம லெட்டர் விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன்னும் சொன்னேன். சிரிச்சார். "நான் கேட்டேனாடா ஆலோசகர் வேலை? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்"ன்னார்.

"நீங்க உக்காந்திருக்கிறதுதான் சார் பிரச்சனை"ன்னு சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. எனக்கு முதல் ஷூ வாங்கிக் குடுத்த மனுஷன்.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "சாயங்காலம் அஞ்சு மணி ஆனா வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியலடா."

இதுக்கு என்ன பதில் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது தார்தான். எங்க தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் பத்து, பன்னண்டு வயசுப் பசங்க இருபது பேர் தேறும். காலையில ஆறு மணிக்கு சார் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். அஞ்சாறு வருஷத்துல அதுல நாலு பேர் காலேஜ் டீமுக்கு வருவான். கோச்சுக்கு அதை விடப் பெரிய உதவி வேற என்ன? கேட்டுப் பாத்தேன். "பாக்கலாம்"ன்னார். சார் "பாக்கலாம்"னா அதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, ஆடினவங்களுக்குத் தெரியும்.

குரூப்ல இருக்கிற நண்பர்களுக்கு: லெட்டரைக் கிழிங்கன்னு நான் சொல்லல. ஆலோசகர்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டு, ரெண்டு வருஷம் கோச்சை மாத்தாதீங்கன்னு எழுதுங்க. முதல் கையெழுத்து என்னுது. சார் மேல இருக்கிற மரியாதைக்கும் அதுதான் சரின்னு எனக்குப் படுது.

நேத்து கடைக்குப் போய் சின்ன சைஸ் பந்து ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்.

பி.கு.: உங்க ஆபீஸ்ல, கடையில, வீட்ல பழையவர் சாவி குடுத்துட்டு எங்க போய் உக்காந்தார்? பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே, ஜடேஜா இப்ப ராஜஸ்தானுக்குப் போயிட்டார், தெரியும். 2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல ஆறும் நாலும் அடிச்சதுக்கு அப்புறம் அவரைப் பத்தி இங்க யாரும் தப்பா எழுதப்படாது, ஆமா.