இயல்பா, விருப்பத் தேர்வா? ஒரு நிகாஹ் நமக்குக் கற்பித்த பாடம்



சில விஷயங்களை நாம் மிம்பரில் பேசுவதில்லை. மதரஸா வகுப்பிலும் பேசுவதில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அழுகையோடுதான் பேசுகிறோம். அத்தகைய ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. இதில் நம்முடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த எழுத்தில் பரக்கத் இராது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை நம்மை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். பள்ளிவாசலுக்குள் வைத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. "திருச்சி, திருச்சி" என்று நடத்துநர்கள் கூவும் அந்த இரைச்சல்தான் அவருக்குத் தோதாக இருந்தது. அவருடைய மகன் சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர். தஜ்வீதில் தவறு செய்யாதவர். படித்து முடித்து நல்ல வேலையில் இருந்தார்.

"ஹஜ்ரத், பையன் கல்யாணமே வேணாங்கிறான். ஆம்பளைங்க மேலதான் மனசு போகுதுன்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லியிருக்கான். இது அவனாத் தேடிக்கிட்டதா, இல்ல பொறப்புலயே அப்படியா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. அல்லாஹ் யாரையும் அப்படிப் படைக்கமாட்டான் என்றும், எல்லாம் சேர்க்கையும் செல்போனும் செய்யும் வேலை என்றும் சொன்னோம். விரைவில் ஒரு நிகாஹை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னோம். கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தத் தந்தை நம் சொல்லை நம்பினார். பக்கத்து ஊரில் பெண் பார்த்தார்கள். நிகாஹ் குத்பாவையும் நாமே ஓதினோம்.

ஓராண்டு நிறையும் முன் அந்தப் பெண் குலா கேட்டு ஜமாஅத்தின் முன் வந்தார். கணவர் அடித்ததில்லை, ஏசியதில்லை. ஒரே வீட்டில் அந்நியரைப்போல் இருந்தார், அவ்வளவே. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பி, தொழுகை விரிப்பில் அழுதே அந்தப் பெண் மாதங்களைக் கழித்திருக்கிறார். விசாரணை முடிந்து எல்லோரும் எழும்போது நம்மைப் பார்த்து ஒன்று கேட்டார்: "ஹஜ்ரத், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நாம் தலையைக் குனிந்துகொண்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகே படிக்கத் தொடங்கினோம்.

முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 2019ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு பெரும் ஆய்வு, நான்கு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தது. தன்பால் ஈர்ப்புக்கு என்று தனியொரு மரபணு இல்லை என்றே அது முடிவுரைத்தது. சிறு சிறு தாக்கமுடைய பல மரபணு வேறுபாடுகள் உள்ளன. ஆராய்ந்த வேறுபாடுகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மனிதருக்கு மனிதர் காணப்படும் வித்தியாசத்தில் 8 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே அவை விளக்குகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த ஈர்ப்பு இருந்து மற்றவருக்கு இல்லாமற்போவதும் உண்டு.

இதைப் படித்ததும் நமக்குள் ஓர் அற்ப மகிழ்ச்சி எழுந்தது: "பார்த்தாயா, பிறவி அல்ல!" ஆனால் மேலும் படித்தபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மரபணு மட்டுமே காரணமன்று என்பதால் அது விருப்பத் தேர்வு என்று ஆகிவிடாது. கருவறையில் நிகழும் மாற்றங்களும் பங்களிக்கக்கூடும் என்பதற்கு ஆய்வாளர்கள் சான்று காட்டுகிறார்கள். ஒரே தாயின் வயிற்றில் தனக்கு முன் பிறந்த அண்ணன்மார் அதிகமாக உள்ள ஆண்களிடம் இவ்வீர்ப்பின் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அந்த அண்ணன்மாருடன் சேர்ந்து வளராதவர்களிடமும் அப்படியே காணப்பட்டது. உடன் வளர்ந்த, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன்மாரால் அந்த வேறுபாடு உண்டாகவில்லை. காரணங்கள் பலவாக இருக்கலாம். எந்தக் காரணமும் அந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அன்று. இதை அறிய ஆய்வும் தேவையில்லை. நம்மில் மனைவி மக்களோடு வாழும் எவரும், பெண்களை விரும்புவது என்று எந்த நாளில், எந்த மணி நேரத்தில் தீர்மானித்தோம் என்று சொல்ல இயலுமா?

இடக்கைப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தனியொரு மரபணு இல்லை. இரட்டையரில் ஒருவர் மட்டும் இடக்கையராக இருப்பதுண்டு. எனினும் எந்தக் குழந்தையும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் வீடுகளில் இடக்கைக் குழந்தைக்கும் வலக்கையால் உண்ணவே கற்பிக்கிறோம். அது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. ஆனால் "நீ வேண்டுமென்றே இடக்கையனாகிவிட்டாய்" என்று அக்குழந்தையின் மீது பழி சுமத்துவதில்லை. இரண்டும் ஒரே அளவிலான சோதனை என்று சொல்ல வரவில்லை. கற்பிப்பதற்கும் பழி சுமத்துவதற்கும் உள்ள தூரத்தையே காட்டுகிறோம்.

அடுத்து நம் கிதாபுகளுக்குத் திரும்பினோம். அங்கே நமக்கு வெட்கமே காத்திருந்தது. நாம் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' பாடம் நடத்தும் அதே இமாம் நவவி (ரஹ்), ஹிஜ்ரி 676இல் மறைந்தவர், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் 'முகன்னஸ்' எனப்படுவோரை இரு வகையாகப் பிரிக்கிறார். நடையிலும் பேச்சிலும் பெண் சாயல் கொண்ட ஆண்களையே அச்சொல் குறிக்கும். படைப்பிலேயே அவ்வாறு அமைந்தவர் ஒரு வகை. வலிந்து அப்படி ஆக்கிக்கொண்டவர் மற்றொரு வகை. முதல் வகையினர்மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை என்கிறார் இமாம். அவர் பேசுவது சாயலைப் பற்றியே. ஈர்ப்பைப் பற்றி அன்று. இருப்பினும் ஒருவர் தாமே உண்டாக்கிக்கொள்ளாத தன்மைக்காக அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற நியாயம் அதில் தெளிவாக இருக்கிறது. ஆண், பெண் என்று பிரித்தறிய இயலாத உடலமைப்போடு பிறக்கும் 'குன்ஸா'வுக்கோ தொழுகை முதல் வாரிசுரிமை வரை ஃபிக்ஹு நூல்கள் சட்டம் வகுத்திருக்கின்றன. "அல்லாஹ் அப்படிப் படைக்கமாட்டான்" என்று தேநீர்க் கடையில் நாம் சொன்னபோது, நம் இமாம்களின் நூல்களையே மறந்துவிட்டுப் பேசியிருக்கிறோம்.

அப்படியானால் ஹலால், ஹராம் மாறிவிடுமா என்று சிலர் கேட்பீர்கள். நம் மத்ஹபுகளின் சட்டத்தை மாற்ற நாம் வரவில்லை. அதற்கு நமக்குத் தகுதியும் இல்லை. நிகாஹுக்கு வெளியே உள்ள உறவு எவருக்கும் ஆகுமானதன்று என்றும், ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் கொள்ளும் உறவு தடுக்கப்பட்டது என்றும் நமக்கு ஓதித் தந்தார்கள். நாமும் அதையே ஓதித் தருகிறோம். ஆனால் அந்தச் சட்டம் செயலைப் பற்றியது. உள்ளத்தில் எழும் எண்ணம், சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை இந்த உம்மத்துக்கு மன்னிக்கப்படுகிறது என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ள செய்தி. ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு "பிறவி" என்று விடை கிடைத்தால் இரண்டாவது கேள்வி மறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடினமான விடை இருப்பதால் முதற் கேள்விக்கு "அவனாகத் தேடிக்கொண்டது" என்றே சொல்லியாக வேண்டும் என்று நம்மைப் போன்றோர் எண்ணுகிறோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னது நம்முடைய குற்றம்.

அந்தக் கடினமான விடையையும் நாம் இலேசாகச் சொல்லிவிடக் கூடாது. வாழ்நாள் முழுதும் பொறுமையாய் இரு என்று ஓர் இளைஞரிடம் சொல்வது எளிது. சொல்லிவிட்டு நாம் நம் பிள்ளைகள் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அவர் திரும்பும் அறையில் யாரும் இல்லை. அந்தச் சுமையைச் சுமப்பவருக்கு ஸலாமும், ஸஃப்பில் ஓர் இடமும், பெருநாள் அன்று ஒரு தட்டுச் சோறும்கூட நாம் தரவில்லையென்றால், பொறுமையைப் பற்றிப் பேச நமக்கு என்ன அருகதை?

தெரியாது என்று ஒப்புக்கொள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடை நோக்கிச் செல்வோர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைக் கண்டிருப்பீர்கள். பாலியல் உறுப்புகள் தெளிவாக அமையாமல் பிறக்கும் சிசுக்களுக்கு, 'சரிசெய்கிறோம்' என்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்குமாறு 2019 ஏப்ரலில் அரசுக்கு வழிகாட்டியது அந்தக் கிளைதான். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. பின்னர் 2021இல், மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி வீட்டை விட்டுச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் 'காணவில்லை' என்று காவல்துறையில் புகார் அளித்தனர். பாதுகாப்புக் கேட்டு அப்பெண்கள் தொடுத்த வழக்கு சென்னையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இவ்விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவை எழுதினார். மருத்துவத்தால் 'மாற்றிவிடுகிறோம்' என்று முயல்வதற்கும் அவ்வுத்தரவில் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய 'மாற்றுச் சிகிச்சை'யைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அந்தத் தீர்ப்பின் எல்லா முடிவுகளோடும் நம்மவர் உடன்பட வேண்டும் என்பதில்லை. ஆயினும் அந்த அடக்கம் நம் மரபுக்குச் சொந்தமானது. தொலைதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்று விடையளித்தவர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அல்லவா? மதீனாவின் இமாமுக்கு வராத கூச்சம், மாட்டுத்தாவணித் தேநீர்க் கடையில் நமக்கு ஏன் வந்தது?

பெற்றோருக்கு இப்போது நாம் சொல்வது இதுதான். உங்கள் பிள்ளை உங்களிடம் இதைச் சொன்னால், அது உங்கள்மீது அவர் வைத்த அமானிதம். அதை உறவுக்காரர்களிடம் கொண்டு போகாதீர்கள். அடிக்காதீர்கள். பேய் பிடித்தது என்றோ நோய் என்றோ கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிள்ளை மனமுடைந்து உயிரை வெறுத்துப் பேசினால் தாமதம் வேண்டாம். டெலி மனஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிகாஹை மருந்தாக்காதீர்கள். மனைவிக்கு அநீதி இழைப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு நிகாஹே ஹராமாகிவிடும் என்று ஹனஃபி ஃபகீஹ்கள் எழுதியிருக்கிறார்கள். இல்லற உறவுக்கு இயலாத கணவருக்கு ஓராண்டு தவணை தந்து, அதன் பின் மனைவிக்குப் பிரியும் உரிமையை ஃபிக்ஹு அளித்திருக்கிறது. நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கணவரின் ஆண்மையின்மையை முறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஒரு பெண்ணின் மன நிறைவு எத்துணை பெரிய ஹக் என்பதை இவையெல்லாம் காட்டுகின்றன. தெரிந்தே மறைத்து ஒரு வீட்டுப் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது நம் மகனைக் காப்பாற்றுவது ஆகாது. இன்னொருவர் மகளின் கண்ணீரை விலையாகக் கொடுத்து நம் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுவதே அது.

இப்போதெல்லாம் நாம் ஒரு நிகாஹுக்கு ஒப்புக்கொள்ளும் முன் மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறோம். இந்தத் திருமணம் அவர் விருப்பமா, வீட்டாரின் கட்டாயமா என்று கேட்கிறோம். பெண்ணிடமும் அவ்வாறே கேட்கச் சொல்கிறோம். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை பதில் சொல்லாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அந்த நிகாஹுக்கு நாம் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் காரணமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று, அவருடைய அத்தாவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். "அல்லாஹ் உங்களை மன்னிக்கட்டும் ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தாம் மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. மறுமையில் அந்த ஹக் நம்மீது இருக்கிறதா இல்லையா என்பதை நாம் அறியோம்.

நம் மாணவர் இப்போது வெளியூரில் இருக்கிறார். சென்ற ரமளானில் மாட்டுத்தாவணியில் பேருந்து மாறுகையில், ஸஹர் நேரத்தில் நம்மை அழைத்தார். அவருடைய தந்தை இன்னும் அவரோடு பேசுவதில்லை. நாம் பேருந்து நிலையத்துக்கு ஓடினோம். நின்றுகொண்டே இருவரும் ரொட்டியும் தேநீரும் அருந்தினோம். "ஹஜ்ரத், நான் இன்னும் ஓதுறேன்" என்றார். பேருந்து புறப்படும் நேரம் ஆகிவிட்டது. நோன்பின் நிய்யத்தை நாம் சொல்ல, அவரும் சொன்னார்.

யா அல்லாஹ், நீ சுமத்திய சுமையின்மேல் எங்கள் அறியாமையையும் சேர்த்து எவர்மீதும் ஏற்றாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.